சுவர்களுக்குக் காவலிருந்தவர்

ஒரு மனிதர் தான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி உண்மை சொன்னார். அது பொய் என்று நான் நான்கு பக்கத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுதும்போது தவறென்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஏழு மாதம் வாய் திறக்காமல் இருந்தேன். முதலாவதை அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்குப் பொருத்தமான ஒரு சொல்லை நான் தேடவும் இல்லை. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். என்னைப் படித்த மனிதன் என்று மேடையில் இருத்திப் பொன்னாடை போர்த்தியவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அறுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தவன் நான். படிப்பு முடிந்ததும் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை கிடைத்தது. பழைய இந்திய எல்லைக் கோப்புகளைப் பிரித்து, தூசி தட்டி, எதில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதும் வேலை. முப்பது ஆண்டுகள் அதையே செய்தேன். அந்தக் கோப்புகளில் ஓர் ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. மேற்குத் திபெத்தில், இந்தியாவும் நேபாளமும் திபெத்தும் வந்து முட்டும் மூலையில், ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் இருந்த வணிகக் குடியிருப்பு. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நான் சொல்லும் மனிதர் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் அவருக்கு ஆபத்து வரும். கோடையில் பனி உருகிக் கணவாய்கள் திறந்ததும் தெற்குப் பக்கத்து மலை வணிகர்கள் அரிசி, வெல்லம், துணி, புகையிலை எல்லாவற்றையும் ஆடுகளின் முதுகில் சிறு சிறு பைகளாகக் கட்டிக்கொண்டு மேலே ஏறுவார்கள். வடக்குச் சமவெளியிலிருந்து உப்பும் வெண்காரமும் கம்பளியும் இறங்கி வரும். ஒவ்வொரு தெற்கத்தி வணிகனுக்கும் அங்கே பரம்பரையாக ஒரு திபெத்தியப் பங்காளி இருப்பான். ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு, அதையே எழுதாத ஒப்பந்தமாக மகனுக்கும் பேரனுக்கும் விட்டுப் போவார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வணிகத்தை மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரி ஒவ்வோர் ஆண்டும் அங்கே போய்க் குறிப்பேடு எழுதுவார். அந்தக் குறிப்பேடுகள்தான் என் மேசைக்கு வந்தன.

ஓய்வு பெற்ற பிறகு அந்த ஊரின் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதினேன். சிறிய பதிப்பகம், சிறிய புத்தகம். ஆனால் அந்த ஊரைப் பற்றி வேறு புத்தகம் கிடையாது. அதில் எல்லோரும் புகழ்ந்த ஒரு பத்தி உண்டு: பழுப்பு மலைச்சரிவில் சந்தையின் வெள்ளைத் துணிக் கூரைகள் வரிசையாகக் காற்றில் விம்மித் தணிவதைப் பற்றியது. லண்டன் மோர்டனில் நம்மவர் சங்கமொன்று கூட்டம் வைத்தபோது ஒரு டாக்டர் அந்தப் பத்தியை மேடையில் வாசித்துவிட்டு, "நேரில பார்த்தவராலதான் இப்பிடி எழுத ஏலும்" என்றார். நான் அந்த ஊருக்குப் போனதில்லை. இமயமலையையே விமானத்திலிருந்து ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் சிறகு மறைத்தது போகப் பாதி. முன்னுரையில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று மேடையிலும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு இருந்தேன்.

புத்தகம் வந்து சில ஆண்டுகள் கழித்து, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரு கடிதம் வந்தது. அந்த ஊர்க்காரர் என்று சொல்லித் தஞ்சம் கேட்டிருக்கும் ஒருவருடைய நேர்காணல் பதிவை அனுப்புகிறோம், அவர் சொல்வது அந்த ஊரின் வரலாற்றோடு பொருந்துகிறதா என்று கருத்துத் தர முடியுமா என்று அரசுத் தரப்பில் கேட்டிருந்தார்கள். இந்த நாட்டில் அந்த ஊரைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் நீங்கள்தான் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதிவை வாசித்தேன். கேட்டவர் என் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார் என்பது கேள்விகளிலேயே தெரிந்தது. சந்தையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒரு கேள்வி. 'சுவர்கள் வரிசையாக இருக்கும். கூரை இல்லை. உள்ளே பனி நிறையும்' என்று பதில். அங்கே என்ன விற்பார்கள்? 'நான் பார்த்ததில்லை.' வணிகர்கள் என்ன மொழி பேசுவார்கள்? 'அவர்கள் வரும்போது நாங்கள் இருக்க மாட்டோம்.' உங்கள் குடும்பத்தின் தொழில் என்ன? 'ஆடு. பிறகு, சுவர்களைப் பார்த்துக்கொள்வது.' நான் அந்த இடத்தில் பென்சிலால் ஓர் ஆச்சரியக்குறி போட்டேன். சந்தைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்குச் சந்தையில் என்ன விற்றார்கள் என்று தெரியவில்லை. அதைவிட, உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நான் நினைத்திருந்த அந்த வெள்ளைக் கூரைகளை இல்லையென்கிறான். ஒரே இருப்பில் அறிக்கையை எழுதினேன். இக்கூற்றுகள் அவ்வூரின் வரலாற்றோடு பொருந்தவில்லை. எல்லைக்கு இப்பால் நேபாளப் பக்கத்திலும் இதே மொழி பேசும் மலைக் கிராமங்கள் உள்ளன. இவர் அவற்றில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கலாம். அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானதை இரண்டு வரிக் கடிதத்தில் எனக்கும் தெரிவித்தார்கள்.

இத்தனைக்கும் அதற்கு முன்பே, என் அக்காவின் மகன் தஞ்சம் கேட்டு இதே கதவில் நின்றவன். யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் எங்கே போவதானாலும் சைக்கிளில் போகிறவன்; பஸ் நிலையத்தை யோசித்துத் தடுமாறியிருக்கிறான். செவன் கிங்ஸில் அக்காவின் வீட்டில் இருந்துகொண்டு, "ஊரைக் காணாதவன் கேக்கிற கேள்வியைப் பாரடா" என்று நான் கத்தியதை அக்கா இன்றும் சொல்லுவாள். அறிக்கை எழுதியபோது அது எனக்கு ஒரு கணமும் நினைவுக்கு வரவில்லை.

நான் வசிப்பது வால்தம்ஸ்டோவில். மனைவி காலமான பிறகு வாரத்துக்கு ஒரு தடவை நடந்து போய் நம்மவர் கடையொன்றில் சாமான் வாங்குவேன். கடைக்காரர் ஜெர்மனியில் பதினைந்து வருடம் உணவகச் சமையலறையில் நின்றுவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். என்னைப் 'புரொபசர்' என்று கூப்பிடுவார். நான் பேராசிரியன் அல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் திருத்தவில்லை. ஒரு பெப்ரவரியில் நல்ல பனி பெய்தது. பஸ் ஓடவில்லை. கடைக்குள் என்னைத் தவிர ஆளில்லை. பின்பக்கத்து முற்றத்தில் யாரோ மண்வெட்டியால் பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"வழியில கிடக்கிற பனியை அள்ளச் சொன்னால், மதிலோட கிடக்கிற பனியை அள்ளுறார்" என்றார் கடைக்காரர். "அது செங்கல் மதில். கவுன்சில் கட்டினது. விழுந்தால் கவுன்சில் கட்டும். இவருக்கு என்ன கவலை?"

"ஆர் தம்பி?"

"எங்கட லாமா. எவரெஸ்டில இருந்து வழுக்கினவர், வால்தம்ஸ்டோவில வந்துதான் நிண்டவர். கடையில நிண்டு பழகி வடிவாத் தமிழ் கதைப்பார், தெரியுமோ? என்ரை பிள்ளையள் கதையாதுகள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டின காசை இவருக்குக் கட்டியிருக்கலாம்."

நான் பின்கதவால் எட்டிப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். கட்டையான, அகன்ற உடம்பு. மதிலின் அடியிலிருந்து ஒரு முழம் அகலத்துக்குப் பனியை நேராக வெட்டி எடுத்து நடுமுற்றத்தில் குவித்துக்கொண்டிருந்தார். மூலைகளுக்கு வந்தபோது மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் வழித்தார். எத்தனையோ தடவை செய்து பழகியவருடைய வேகம் அது. ஏன் மதிலடியில் அள்ளுகிறீர் என்று கேட்டேன்.

"சுவர் தண்ணி குடிக்கும் ஐயா" என்றார். "பிறகு வெயில் வர விழும். குளிர் முழுக்க அப்பாவும் நானும் இதுதான் செய்வம்."

"எந்த ஊர்?"

சொன்னார். முப்பது ஆண்டுகள் நான் எழுதிக்கொண்டிருந்த பெயரை ஒரு மனித வாயிலிருந்து கேட்டது அன்றுதான். நான் நடுவில் அழுத்தி உச்சரித்துவந்த பெயர் அது. அவர் கடைசியில் அழுத்தினார்.

"அங்கை சந்தைக்குக் கூரை இருக்கே?" என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் பத்துக் கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

"கூரை இல்லை. சுவர் மட்டும். கூரை யாவாரியள் கொண்டு வருவினம், துணி. போகேக்கை கழட்டிக் கொண்டு போவினம். ஊரில கூரை போட விடமாட்டினம் ஐயா. கூரை போட்டால் வீடு. வீடு எண்டால் ஊர்க்காரர். அவை ஊர்க்காரர் இல்லை."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். கோடையில் அவருடைய குடும்பம் ஆடுகளோடு மேல் மேய்ச்சல் நிலத்துக்கு ஏறிவிடும். கம்பளியைச் சந்தைக்குக் கொண்டுபோவது பெரிய வீட்டுக்காரர்களின் வேலை. பனிக்கு முன்னால் ஆடுகளோடு இறங்கி வரும்போது வணிகர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு தெற்கே போயிருப்பார்கள். அடுத்த கோடைவரை அந்த மண்சுவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் குடும்பத்துக்கு வழிவழியாக வந்த பொறுப்பு. சந்தை கூடும் நாளில் அவர்கள் ஊரில் இருந்ததே இல்லை.

அந்த நேர்காணலில் இவர் சொன்ன ஒவ்வொரு பதிலும் எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றும் சரி. என் பிழை எங்கே என்றும் அங்கேயே தெரிந்துவிட்டது. ஆங்கிலேய அதிகாரி கணவாய் திறந்தபின் போய், பனிக்கு முன் திரும்புகிறவர். அவருடைய குறிப்பேடுகள் எல்லாமே ஆனியில் தொடங்கிப் புரட்டாதியில் முடிகின்றன. முப்பது ஆண்டுகள் அவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவன் நான். ஒரு பக்கத்திலும் பனி விழவில்லை என்பதை நான் கவனிக்கவேயில்லை. ஓர் ஊர் ஆண்டில் எட்டு மாதம் என்ன செய்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. காகிதத்தோடு மட்டும் வாழ்கிறவனுக்கு, எழுதாத மாதம் நடக்காத மாதம்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. அவருக்கு இன்னும் வழி இருந்தது. பிழையென்று நான் ஒரு கடிதம் எழுதினால் அதைப் புதிய சான்றாக வைத்து மறுபடி மனுப் போட்டிருக்கலாம். நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதை யோசித்தேன். மூன்றாம் நாள் பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம்: மேலும் சில மலைக் கணவாய்களை வணிகத்துக்குத் திறப்பது பற்றிப் பத்திரிகைகளில் பேச்சு வருகிறது, திருத்திய இரண்டாம் பதிப்பு ஒன்று போடலாமா, புதிதாகச் சேர்க்க ஏதாவது உண்டா? உண்டு என்று பதில் எழுதினேன்.

அதன் பிறகு நான் செய்ததை எழுதுவதுதான் கஷ்டம். அரிசிப் பையைத் தூக்கிவரும்படி அவரை வீட்டுக்குக் கூப்பிடத் தொடங்கினேன். கடைக்காரர் சந்தோஷமாக அனுப்பினார். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, ஊரைப் பற்றிக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். குளிர்காலத்தில் எந்தச் சுவர் முதலில் விழும், உடைந்ததைக் கட்ட எங்கே மண் எடுப்பார்கள், ஆற்றின் மேலே பனிக்கட்டி எப்போது ஆள் பாரம் தாங்கும், அக்கா எப்படிச் சுவரின் மேல் நடந்து காட்டி அப்பாவிடம் அடி வாங்கினாள் என்றெல்லாம் சொன்னார். அக்கா அந்த ஊரிலேயே திருமணம் செய்து இருக்கிறாள் என்றார். எல்லை தாண்ட இரண்டு பேருக்கு வழி காட்டியதற்காகப் பொலிஸ் தேடியதால் ஒரே நாளில் கிளம்பி வந்ததையும், அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்ததையும் சொன்னார். தன் வழக்கு தோற்றதையும் சொன்னார். யாரோ ஒரு பெரிய படிப்புப் படித்தவர் கடிதம் எழுதிவிட்டார் என்றார். நான் இன்னொரு கோப்பை ஊற்றினேன். ஏழு மாதத்தில் 'குளிர்காலம்' என்று ஒரு புதிய அத்தியாயம் முடிந்தது. ஒரு மனிதனை ஊர்க்காரன் இல்லையென்று சொன்னவன், அவனிடமிருந்தே ஊரை வாங்கி அத்தியாயம் எழுதினான்.

செப்டெம்பரில் ஒரு நாள் காலை கடைக்காரர் டெலிபோன் செய்தார். "லாமாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் புரொபசர். இமிக்ரேசன்காரர் நாலு பேர் வந்தவங்கள். அவர் மரக்கறிப் பெட்டி இறக்கிக் கொண்டு நிண்டவர். பெட்டியை வச்சிட்டு வாறன் எண்டு சொல்லி, வச்சிட்டுத்தான் போனவர்." பிறகு, "நீங்கள் படிச்ச ஆள். ஏதும் எழுதிக் குடுக்க ஏலாதோ?" என்றார்.

விமான நிலையத்துக்கு அருகில் இருந்த தடுப்பு நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நிலத்தோடு பொருத்திய நாற்காலிகள், பானங்கள் விற்கும் ஒரு யந்திரம், எங்கள் இருவரையும் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு காவலாளி. சுற்றிவளைக்காமல் சொன்னேன். உம்மைப் பற்றி எழுதினது நான்தான் என்றேன். அவருக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"நான் அந்த ஊர் இல்லை எண்டு எழுதினது?"

"ஓம்."

"பிழை எண்டு எப்ப தெரியும்?"

அதைத்தான் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "பனி பெய்த அண்டைக்கு" என்றேன். அவர் மேசையில் விரல்களை வைத்து மாதங்களை எண்ணினார். ஏழில் நிறுத்தினார்.

"அப்ப முழுக்கத் தேத்தண்ணி தந்தனீங்கள்" என்றார்.

என்னை மன்னித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அப்படிச் சொல்வது எவ்வளவு எளிது என்று சொல்லும்போதே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. வேலையிடத்தில் ஒருவன் பிழைவிட்டால் மற்றவன் முகத்தில் வரும் அவசரம் மட்டும் தெரிந்தது. "அது பிறகு பாப்பம் ஐயா. முதல்ல கடிதத்தை எழுதுங்கோ."

எழுதினேன். அவருடைய வழக்கறிஞர் புதிய மனுப் போட்டார். தீர்ப்பாயத்தில் நான் நேரில் போய் என் முதல் அறிக்கை முழுதும் பிழை என்றேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இளம் பெண், மரியாதையானவர். முதல் அறிக்கையை எழுதியபோது இந்த மனிதரை உங்களுக்குத் தெரியாது, அல்லவா என்று கேட்டார். தெரியாது. இப்போது தெரியும், அல்லவா? தெரியும். எத்தனை தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார்? முப்பது தடவை இருக்கலாம். குளிர்காலத்தில் கூரை இருப்பதில்லை என்று எந்த ஆவணத்தில் இருக்கிறது? எந்த ஆவணத்திலும் இல்லை. அப்படியானால் யார் சொன்னது? நான் மனுதாரரைக் காட்டினேன். வழக்கறிஞர் நன்றி சொல்லிவிட்டு, என் புத்தகத்தைத் திறந்து, வெள்ளைக் கூரைகளைப் பற்றிய அந்தப் பத்தியைத் தெளிவான குரலில் முழுக்க வாசித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

நான் அந்த ஊரைக் கண்டதேயில்லை என்பதைச் சொல்லியிருந்தால் அந்தப் பத்தியின் மதிப்பு அங்கேயே போயிருக்கும். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல நாக்கு எழவில்லை. பரிகாரம் செய்யப் போன இடத்திலும் என் புத்தகத்தில் பாதியைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். முதல் அறிக்கை ஓர் ஆய்வாளரின் நிதானமான கருத்து, இரண்டாவது ஒரு முதியவருடைய இரக்கம் என்ற பொருளில் தீர்ப்பு வந்தது. நேபாளத்துக்காரராக இருக்கலாம் என்று நான் எழுதிய அந்த ஒரு வரியை வைத்து அவரைக் காத்மண்டுவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

இரண்டாம் பதிப்பை நிறுத்தினேன். முதல் பதிப்பில் ஒரு திருத்தத் தாள் ஒட்டும்படி நூலகங்களுக்கு எழுதினேன். இரண்டு நூலகங்கள் பதில் போட்டன. ஒன்று, நூல்களில் எதையும் ஒட்டுவதில்லை என்றது. மற்றது ஆர்வத்துக்கு நன்றி என்றது.

அவர் போய் நாலு மாதம் இருக்கும். கடையில் நின்றபோது கடைக்காரர் டெலிபோனை நீட்டினார். "உங்களைத்தான் கேக்கிறார், லாமா."

குரல் தெளிவாக இருந்தது. "இஞ்ச என்னைத் திபெத் எண்டு சொல்லினம் ஐயா. பேப்பர் இல்லை, வேலை இல்லை. பிடிச்சால் அங்கால அனுப்பினாலும் அனுப்புவினம். நீங்கள் முதல் எழுதின கடிதம் இருக்கோ?"

"எது?"

"நான் நேபாளம் எண்டு எழுதினது."

"அது பொய்யல்லோ" என்றேன்.

"ஓம். அந்தப் பொய்தான் வேணும்."

கடைக்காரர் ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே என்னைப் பார்த்தார். என் பக்கத்தை மட்டும் கேட்டும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "குடுங்கோ புரொபசர்" என்றார். "உண்மை எழுதி என்னத்தைக் கிழிச்சனீங்கள்?"

வீட்டுக்கு வந்து முதல் அறிக்கையை எடுத்தேன். வழக்கு விவரங்களை நீக்கிவிட்டு, அதே கருத்தை, 'இருக்கலாம்' என்பதை 'ஆவார்' என்று மாற்றி, என் புத்தகத்தின் பெயரையும் காப்பகத்தில் இருந்த முப்பது ஆண்டுகளையும் மேலே போட்டு எழுதினேன். சட்டப்படி இது என்னவென்று எனக்குத் தெரியும். வாழ்நாளில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அதுதான். கையெழுத்துப் போட்டு அன்றே தபாலில் சேர்த்தேன்.

அந்தக் கடிதம் எவ்வளவு உதவியது, மலைக் கிராமத்தில் அவருக்காகச் சாட்சி சொன்னவர்கள் எவ்வளவு உதவினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டில் அவருக்குப் பேப்பர் கிடைத்தது. வேறொரு பெயர், வேறொரு பிறந்த ஊர்: எல்லைக்கு இப்பால், வணிகர்களின் கிராமம். கடைக்காரர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டுக் கொடுத்தார். நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு, எல்லாம் ஒருவாறு சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

போன ஆடியில் மறுபடி பேசினார். எல்லை வணிகர்களுக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு அவருக்குக் கிடைத்துவிட்டதாம். மற்ற வணிகர்களோடு அலுமினியப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு கணவாய் ஏறிப் போயிருக்கிறார். தன் சொந்த ஊருக்கு, வெளியூர்க்காரராக. சந்தையைவிட்டு வெளியே போகக் கூடாது, ஊர்க்காரர் வீட்டில் தங்கக் கூடாது, பனிக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். பொலிஸ்காரர் ஒருவர் நாள் முழுக்கச் சந்தைக்குள் நடந்துகொண்டிருப்பார். பழைய பெயர் வெளியே வந்தால் அவ்வளவுதான்.

"கோடையில எங்கட ஊரை இப்பதான் பார்த்தன் ஐயா" என்றார். "நீங்கள் எழுதின மாதிரித்தான் இருக்கு. வெள்ளை."

ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டுகொண்டார்களா என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை என்றார். மூன்றாம் நாள் அவருடைய அக்கா சந்தைக்கு வந்திருக்கிறாள். கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றிருக்கிறாள். தலைமயிர் முழுக்க நரைத்துவிட்டதாம். பொலிஸ்காரர் பக்கத்துக் கடையில் நின்றிருக்கிறார். அக்கா ஒரு பானையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலை கேட்டிருக்கிறாள்.

"சொன்னன். கூட எண்டு சொன்னா. நல்லாப் பேரம் பேசினவ ஐயா, கன நேரம். எல்லாரும் பார்த்துக் கொண்டு நிண்டவை."

"பிறகு?"

"குறைச்சால் சந்தேகம் வரும்" என்றார். "முழுக் காசும் வாங்கினன்."